ஸ்விட்சை அணைத்த பிறகு

1989-ஆம் வருஷம் ஏப்ரல் 21-ஆம் தேதி ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனியார் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘கேம் பாய்’ என்னும் கையடக்க விளையாட்டுப் பெட்டி, பிற்பாடு வந்த வர்ணத் திரைப் பெட்டியையும் சேர்த்துக் கணக்கிட்டால், உலகத்தில் 11 கோடியே 80 லக்ஷத்துக்கும் மேல் விலைபோயிற்று என்பது பலரும் அறிந்த விஷயம். ஆனால் நாலு பென்சில் பாட்டரிகளைத் தின்றுகொண்டு, பாசிப்பச்சைத் திரையில் நான்கே நான்கு சாயல்களால் ராஜ்யங்களையும் ராக்ஷசர்களையும் காட்டி, குழந்தைகளுக்குச் சாப்பாடும் தூக்கமும் மறந்துபோகச் செய்த அந்தப் பெட்டிக்குத் தன்னளவில் ஞாபகசக்தி அறவே கிடையாது என்பதை அவ்வளவு பேர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஸ்விட்சை அணைத்தால், ஆட்டத்தின் அந்த நேரத்து நிலவரத்தையெல்லாம் தாங்கிக்கொண்டிருந்த 8 கிலோபைட் வேலை நினைவகம் அடுத்த க்ஷணமே வெறும் பாழாகிவிடும். அமெரிக்காவில் பெட்டியோடு சேர்த்தே கொடுத்த ‘டெட்ரிஸ்’ ஆட்டத்தில் ராத்திரியெல்லாம் கண்விழித்து லக்ஷம் புள்ளிகள் எடுத்தவனானாலும், காலையில் மறுபடி ஸ்விட்சைப் போடும்போது அதற்குச் சாக்ஷி சொல்ல அங்கே எதுவும் இராது. அயலாரிடம் வாய்ச்சொல்லாகப் பெருமையடித்துக்கொண்டு திருப்திப்பட வேண்டியதுதான்.

டெட்ரிஸ் போன்ற ஆட்டத்துக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. அது உட்கார்ந்து எழுவதற்குள் முடிந்துவிடுகிற சமாசாரம். முப்பது நாற்பது மணி நேரம் நீளும் கதையாட்டங்களில்தான் சங்கடம். நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடர வேண்டுமானால், நேற்றைய நிலவரத்தை யாரோ எங்கோ பத்திரப்படுத்தியிருக்க வேண்டும். அந்த ‘யாரோ’ ஆரம்ப காலத்தில் ஆடுகிறவனேதான்.

1986-இல் ஜப்பானில் வெளியான ‘டிராகன் குவெஸ்ட்’ என்ற ஆட்டத்தில், ஆட்டக்காரன் அரண்மனைக்குத் திரும்பி வந்து ராஜாவிடம் பேசினால், ராஜா இருபது ஜப்பானிய எழுத்துக்கள் கொண்ட ஒரு மந்திரத்தைச் சொல்லுவார். அதை ஓர் எழுத்துப் பிசகாமல் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் அப்படியே திருப்பிச் சொன்னால் ஆட்டம் தொடரும். மந்திரத்தில் மாயம் ஒன்றுமில்லை, எல்லாம் கணக்குத்தான். அதில் வரக்கூடிய எழுத்துக்கள் 64. ஆகவே ஒவ்வோர் எழுத்தும் 6 பிட் செய்தியைச் சுமக்கும். இருபது எழுத்துக்களுக்கு 120 பிட். வீரனுடைய பெயர், அனுபவப் புள்ளிகள், மடியில் உள்ள பொன், கையில் உள்ள கத்தி கேடயம் எல்லாம் இந்த 120 பிட்டுக்குள் அடங்கியாக வேண்டும் என்பதால், வீரன் எந்தக் காட்டில் எந்த மரத்தடியில் நின்றான் என்பது போன்ற விவரங்களுக்கு அதில் இடமில்லை. எங்கே விட்டாலும் அரண்மனையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அடுத்த வருஷம் வந்த இரண்டாம் பாகத்திலோ மந்திரம் 52 எழுத்துக்கள் வரையில் நீண்டுவிட்டது. ஒன்றுக்கொன்று சாடையாக இருக்கும் இரண்டு எழுத்துக்களை மாற்றி எழுதிவிட்டு, ஒரு வார உழைப்பைப் பறிகொடுத்த ஜப்பானியச் சிறுவர்கள் எத்தனை பேரோ! கேம் பாயிலும் இந்த வழக்கம் சில காலம் நீடித்தது. 1991-இல் அதற்கென்று வந்த ‘மெகா மேன்’ ஆட்டத்தில் இப்படிப்பட்ட குறிகளை வரிசை பிசகாமல் குறித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இவ்வளவு உபத்திரவம் இருந்தபோதிலும், பத்திரப்படுத்தும் முறைகள் எல்லாவற்றிலும் சிரஞ்சீவியானது இந்தக் காகித முறைதான் என்பது என் அபிப்பிராயம். 1986-இல் எழுதிய துண்டுச் சீட்டு கரையானுக்குத் தப்பியிருந்தால் இன்றைக்கும் செல்லும். பின்னால் வந்த எந்த முறைக்கும் இந்த உத்தரவாதம் கிடையாது. அது எதனால் என்பதுதான் நாம் பார்க்க வேண்டிய விஷயம்.

கேம் பாய்க்குள் செருகும் கார்ட்ரிட்ஜைத் திறந்தால் உள்ளே கட்டைவிரல் நகமளவான சிப்புகள் இரண்டு மூன்று தெரியும். ஒன்றில் ஆட்டத்தின் நிரல் முழுவதும் தொழிற்சாலையிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. அதைப் படிக்கலாம், மாற்ற முடியாது. ஆட்டக்காரனின் முன்னேற்றத்தைக் குறித்துவைப்பதற்கு மாற்றக்கூடிய நினைவகம் வேண்டும். 1986-இல் ஜப்பானில் வந்த ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா’ இதற்குக் காந்தத் தகட்டைப் பயன்படுத்தியது; 1987-இல் அது அமெரிக்காவுக்குப் போனபோது தகட்டுக்கு வழியில்லாமல், தங்க நிறம் பூசிய கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு சாதாரண நினைவகச் சிப்பையும், அதற்குத் துணையாக ஒரு சிறிய பட்டன் பாட்டரியையும் வைத்து அனுப்பினார்கள். அந்த யுக்தியே கேம் பாய்க்கும் வந்து சேர்ந்தது. 1989 டிசம்பரில் ஸ்குவேர் கம்பெனியார் வெளியிட்ட ‘சாகா’ ஆட்டத்திலேயே அதைக் காணலாம்.

பாட்டரி எதற்கு என்பதை அறிய, அந்த நினைவகத்தின் சூக்ஷ்மத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஸ்டாடிக் ராம் எனப்படும் அந்தச் சிப்பில் ஒவ்வொரு பிட்டும், வாங்கிய குறியைத் தலைகீழாக்கிக் கொடுக்கும் இரண்டு சிறு மின்சுற்றுக்களை ஒன்றின் வாயில் மற்றதன் வாலைக் கோத்து வைத்த அமைப்பு. ஒருவன் ‘ஆம்’ என்றால் மற்றவன் ‘இல்லை’ என்றே சொல்லுவது என்று கங்கணம் கட்டிக்கொண்ட இரண்டு பங்காளிகளைத் திண்ணையில் எதிரெதிரே உட்காரவைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். முதல்வன் ‘ஆம்’ என்கிறான். அதைக் கேட்டு இரண்டாமவன் ‘இல்லை’ என்கிறான். அந்த ‘இல்லை’ காதில் விழுந்ததனாலேயே முதல்வன் தன் ‘ஆம்’ஐ இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறான். வெளியிலிருந்து பெரிய மனுஷர் ஒருவர் வந்து அதட்டினாலொழிய இந்த நிலை மாறாது. அவர் அதட்டி மாற்றிவிட்டுப் போனாலோ, மாறிய நிலையிலேயே இருவரும் அதே பிடிவாதத்தோடு நிற்பார்கள். அந்த அதட்டலுக்குத்தான் எழுதுதல் என்று பெயர். 32 கிலோபைட் சிப் ஒன்றில் இப்படிப்பட்ட ஜோடிகள் 2,62,144 உண்டு. ஆனால் இந்தப் பிடிவாதமெல்லாம் இருவருக்கும் மூச்சு ஓடுகிற வரையில்தான். மின்சாரம் நின்றால் யார் ‘ஆம்’ என்றான், யார் ‘இல்லை’ என்றான் என்பதற்கு அடையாளமே மிஞ்சாது.

இங்கே கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. ஸ்விட்சை அணைத்ததும் எல்லாவற்றையும் மறந்துபோகிறதே பெட்டிக்குள் இருக்கும் வேலை நினைவகம், அதுவும், பத்து வருஷமானாலும் மறவாத கார்ட்ரிட்ஜ் நினைவகமும் ஏறத்தாழ ஒரே ஜாதிச் சிப்புகள்தாம். ஒன்றுக்கு அணைத்த பிறகு ஆகாரம் கிடையாது, மற்றொன்றுக்கு உண்டு. வித்தியாசம் அவ்வளவே. நாம் ‘சேவ்’ என்று அழுத்தும்போது ஏதோ கல்வெட்டில் பொறித்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் நடப்பது, பட்டினி போடப்படுகிற இடத்திலிருந்து சோறு கிடைக்கிற இடத்துக்குச் செய்தியை மாற்றுவதுதான். அன்றிலிருந்து அது பிழைத்திருப்பது ஒவ்வொரு க்ஷணமும் பாட்டரி செய்துகொண்டிருக்கிற காரியம்.

எழுதுகிற வேளையும் அணைக்கிற வேளையும்தான் மிகவும் அபாயமானவை. மின்சாரம் குறைந்துகொண்டே வரும் அந்த மின்னல் நேரத்தில் பெட்டியின் மூளை புத்தி தடுமாறி, எங்கோ எதையோ எழுதிவிடக்கூடும். அது பத்திரமான நினைவகத்தில் போய் விழுந்தால் வீரனுடைய பொன்னும் பொருளும் கந்தரகோளமாகிவிடும். அமெரிக்கச் செல்டாவில் இதற்குச் சொன்ன பரிகாரம் விசித்திரமானது: ‘ரீசெட்’ பட்டனை அழுத்திப் பிடித்தபடியே ஸ்விட்சை அணையுங்கள் என்று ஆட்டக்காரர்களைக் கேட்டுக்கொண்டார்கள். கேம் பாய் கார்ட்ரிட்ஜில் அந்தப் பொறுப்பை ஆட்டக்காரன் தலையில் கட்டாமல் இரண்டு தடைகள் ஏற்படுத்தினார்கள். முதலாவது ஒரு பூட்டு. நினைவகம் சாதாரணமாகப் பூட்டியே கிடக்கும். நிரல் அதில் எழுத விரும்பினால், ஒரு குறிப்பிட்ட விலாசத்துக்குப் பத்து என்ற எண்ணை அனுப்பித் திறந்து, எழுதி, பிறகு பூஜ்யத்தை அனுப்பிப் பூட்டிவிட வேண்டும். தடுமாறிய மூளை தற்செயலாக இந்த வரிசையை உச்சரிப்பது அபூர்வம். இரண்டாவது, மிட்சுமி கம்பெனியார் தயாரித்த காவல் சிப் போன்ற ஒன்று. அது மின்னழுத்தத்தை அளந்துகொண்டே இருந்து, பெட்டியிலிருந்து வரும் 5 வோல்ட் சரியத் தொடங்கியவுடன் நினைவகத்தின் கதவை அடைத்துவிட்டு, ஆகாரத்தைப் பட்டன் பாட்டரியின் 3 வோல்ட் பக்கம் திருப்பிவிடும். ஆடுகிற நேரம் முழுவதும் நினைவகம் பெட்டியின் செலவில்தான் சாப்பிடுகிறது. பெட்டி உறங்கும்போதுதான் பட்டன் பாட்டரிக்கு வேலை.

1996 பிப்ரவரி 27-ஆம் தேதி ஜப்பானில் வெளியாகிப் பிறகு உலகத்தையே ஆட்டிவைத்த ‘போக்கிமான்’ ஆட்டத்தை எடுத்துக்கொண்டால், இந்தப் பத்திரப்படுத்துதலின் சிக்கனத்தைக் கிட்டத்திலிருந்து பார்க்கலாம். 151 வகைப் பிராணிகளைப் பிடித்துச் சேர்க்கும் அந்த ஆட்டத்தின் ஆங்கிலப் பதிப்பில், கூடவே நடந்துவரும் ஆறு பிராணிகளைத் தவிர, பெட்டிக்கு இருபதாகப் பன்னிரண்டு பெட்டிகளில் 240 பிராணிகளை அடைத்துவைக்கலாம். கூட வரும் பிராணிக்கு 44 பைட். பெட்டியில் அடைத்ததற்கு 33 பைட்தான். மிச்சப் பதினோரு பைட் எங்கே போயிற்று என்றால், பலம், வேகம், தற்காப்பு முதலிய கணக்குகளை எழுதிவைக்காமல் விட்டுவிட்டு, பிராணியைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கும்போது அனுபவப் புள்ளிகளைக் கொண்டு மறுபடி கணக்கிட்டுக்கொள்கிறார்கள். எல்லாம் 32 கிலோபைட்டுக்குள் முடிந்தாக வேண்டுமே!

எழுதி முடித்த பின் கடைசியில் ஒரு பைட் சேர்க்கப்படுகிறது. முக்கியமான பைட்டுகளை எல்லாம் வரிசையாகக் கூட்டி, கூட்டுத்தொகையின் கடைசி எட்டு பிட்டுகளை மட்டும் எடுத்து, அவற்றைத் தலைகீழாக்கிக் குறித்துவைக்கும் சரிபார்ப்பு எண் அது. மறுநாள் ஆட்டம் தொடங்கும்போது நிரல் மீண்டும் கூட்டிப் பார்க்கும். விடை பொருந்தாவிட்டால், பத்திரப்படுத்தியது நாசமாகிவிட்டது என்று ஒரே வரியில் அறிவித்துவிட்டு, புது ஆட்டத்துக்கு அழைக்கும். பொருந்துகிற பாகத்தையாவது காப்பாற்றித் தரக்கூடாதா என்று கேட்டால், அந்த நிரலுக்கு அவ்வளவு தாக்ஷிண்யம் கிடையாது.

எழுதும்போது நடுவில் மின்சாரம் போனால் அரைகுறையாகத்தான் நிற்கும் என்பதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பொறியாளர்களைவிட நன்றாகவே கண்டுபிடித்தார்கள். 1999-இல் வந்த தங்கம், வெள்ளி என்ற அடுத்த பாகங்களில், பிராணிகளை அடைக்கும் பெட்டியை மாற்றும்போது ஆட்டம் தானாகவே சேவ் செய்யும். அப்போது பெட்டியின் பட்டியலை எழுதிவிட்டு, கூட வருகிற கூட்டத்தின் பட்டியலை எழுதுவதற்குள், சரியான க்ஷணத்தில் ஸ்விட்சை அணைத்தால், பெட்டிக்குள் விட்ட பிராணி பெட்டியிலும் இருக்கும், பழைய பட்டியலின்படி பக்கத்திலும் இருக்கும். ஒன்று இரண்டாயிற்று! பாங்கிக் கணக்கில் ஒரு பக்கம் வரவு வைத்துவிட்டு மறுபக்கம் பற்று எழுதாமல் விட்டால் நேரும் குளறுபடியே இது. கம்ப்யூட்டர் சாஸ்திரத்தில் இதைத் தவிர்ப்பதற்கென்றே பெரிய பெரிய நூல்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

இனிப் பாட்டரிக்கு வருவோம். கார்ட்ரிட்ஜ்களில் இருப்பவை லித்தியம் பட்டன் பாட்டரிகள். சிஆர் 2025 என்றால் 20 மில்லிமீட்டர் குறுக்களவு, 2.5 மில்லிமீட்டர் கனம்; அதன் கொள்ளளவு சுமார் 160 மில்லி ஆம்பியர் மணி. சும்மா இருக்கும் நினைவகச் சிப் குடிக்கும் மின்சாரம் மிகமிக அற்பம். ஒரு மைக்ரோ ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், 1,60,000 மணி நேரம், அதாவது பதினெட்டு வருஷம் தாங்கும் என்று கணக்கு வருகிறது. சும்மா வைத்திருந்தாலே பாட்டரியின் சாரம் வருஷத்துக்குச் சிறிதளவு தானாகக் கரைந்துபோவதும் உண்டு. தங்கம், வெள்ளி கார்ட்ரிட்ஜ்களில் நிலைமை இன்னும் மோசம். பகல் இரவு, திங்கள் செவ்வாய் என்று உலக நேரத்தோடு ஒத்து ஆட்டம் நடக்க வேண்டும் என்ற ஆசையில், அவற்றுக்குள் ஒரு கடிகாரத்தையும் வைத்துவிட்டார்கள். விநாடிக்கு 32,768 தடவை துடிக்கும் குவார்ட்ஸ் படிகம், பெட்டி அணைந்து கிடக்கும்போதும் ஓயாமல் துடித்துக்கொண்டே இருக்கும். (அந்த எண்ணைப் பதினைந்து தடவை பாதியாக்கினால் சரியாக ஒன்று வரும், உங்கள் கைக்கடிகாரத்திலும் இதே எண்தான்.) நினைவகமும் கடிகாரமும் ஒரே பாட்டரியில் பங்கு கேட்கும்போது, செலவு இரண்டு மூன்று மடங்கானால் ஆயுள் இரண்டில் ஒன்றாகவோ மூன்றில் ஒன்றாகவோ குறைந்துதானே தீரும்? அதனால்தான் 1996-இன் கார்ட்ரிட்ஜ்கள் பல இன்னும் பழைய ஆட்டத்தை மறவாமல் இருக்க, அவற்றுக்குத் தம்பியான 1999-இன் கார்ட்ரிட்ஜ் முந்திக்கொண்டு கண்ணை மூடிவிட்டது. பாட்டரி தீருவதற்கு முன்னறிவிப்பு எதுவும் இல்லை என்பதுதான் இதில் கொடுமை. ஆட்டம் வழக்கம்போல் ஓடும், சேவ் ஆகிவிட்டது என்றும் சொல்லும், மறுநாள் திறந்தால் பக்கம் வெறுமையாக இருக்கும்.

2001-இல் கேம் பாய் அட்வான்ஸ் வந்தபோது ஃபிளாஷ் நினைவகம் கைக்கெட்டும் விலைக்கு வந்திருந்தது. டோஷிபா கம்பெனியில் ஃபுஜியோ மசுவோக்கா 1980-களில் உருவாக்கிய இந்தச் சிப்பில், ஒவ்வொரு பிட்டுக்கும் நாலு புறமும் மின்கடத்தாப் பொருளால் சூழப்பட்ட ஒரு நுண்ணிய தீவு உண்டு. உயர்ந்த மின்னழுத்தம் கொடுத்தால் எலெக்ட்ரான்கள் அந்த மெல்லிய சுவரை ஊடுருவி உள்ளே சென்று சிறைப்பட்டுக்கொள்ளும், மின்சாரம் நின்றாலும் வெளியேற மாட்டா. 2002-இல் வந்த ரூபி, சஃபயர் போக்கிமான் கார்ட்ரிட்ஜ்களில் சேவ் செய்வதற்கு ஃபிளாஷ், கடிகாரத்துக்கு மட்டும் பாட்டரி என்று பாகப்பிரிவினை செய்துவிட்டார்கள். ஆகையால் பாட்டரி தீர்ந்துபோனால் தோட்டத்தில் பழம் காய்ப்பது நிற்குமே தவிர, ஆட்டக்காரனின் முன்னேற்றம் அழியாது. அதோடு 128 கிலோபைட் இடம் கிடைத்தபடியால், ஒரே செய்தியை இரண்டு அறைகளில் மாற்றி மாற்றி எழுதும் நல்ல வழக்கமும் ஏற்பட்டது. இன்று இந்த அறை, நாளை அந்த அறை. நடுவில் மின்சாரம் போய் ஓர் அறை கெட்டாலும், முந்தைய அறையிலிருந்து ஆட்டம் தொடரும். இரட்டிப்பு வித்தைக்கு இவ்வாறு ஒரு முடிவு கட்டினார்கள் என்றாலும், எழுத எழுதத் தேய்வது ஃபிளாஷின் சுபாவம், சிறைப்பட்ட எலெக்ட்ரான்களும் பல்லாண்டுகளில் ஒவ்வொன்றாகக் கசியத்தான் செய்யும்.

இப்போது பழைய ஆட்டங்களை ஆடுவதற்கென்றே ஆன்பெர்னிக், மியூ முதலிய பெயர்களில் புதுக் கையடக்கப் பெட்டிகள் விற்பனையாகின்றன. எமுலேட்டர் என்ற நிரல், கேம் பாய் போலவே வேஷம் தரித்து, மெமரி கார்டில் உள்ள ஆட்டத்தை ஓட்டுகிறது. இவற்றில் இரண்டு விதமான சேவ் உண்டு. ஆட்டத்துக்குள்ளேயே செய்வது ஒன்று. பழைய கார்ட்ரிட்ஜின் நினைவகம் 8 அல்லது 32 கிலோபைட் கோப்பாக அதில் பதிவாகும். மற்றொன்று ‘சேவ் ஸ்டேட்’; அது பெட்டியின் மூளை, வேலை நினைவகம், திரை நினைவகம், கார்ட்ரிட்ஜ் நினைவகம் எல்லாவற்றையும் அந்த க்ஷணத்தில் இருந்தபடியே பிரதி எடுத்துவைக்கும். குதித்துக்கொண்டிருக்கும் வீரனை அந்தரத்திலேயே நிறுத்திவிட்டுத் தூங்கப் போகலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனாலும் நீண்ட கதையாட்டத்துக்கு இதை மட்டும் நம்புவது புத்திசாலித்தனம் ஆகாது. எமுலேட்டரின் பதிப்பு மாறினால் பழைய ஸ்டேட் திறக்காமற்போகலாம். போன வாரத்து ஸ்டேட்டைத் திறந்தால், அதனுள் அடங்கிய போன வாரத்துக் கார்ட்ரிட்ஜ் நினைவகம் நேற்றைய அசல் சேவின்மேல் படிந்து அதை அழித்துவிடவும் கூடும். இன்னொரு பொறியும் உண்டு: பல எமுலேட்டர்கள், ஆட்டத்தை முறைப்படி மூடும்போதுதான் அந்த 32 கிலோபைட்டை மெமரி கார்டில் எழுதுகின்றன, ஆட்டத்துக்குள் சேவ் செய்துவிட்டோம் என்ற தைரியத்தில் நேராகப் பவர் பட்டனைப் பிடித்து அணைத்தால் அத்தனையும் போயிற்று. ஆட்டத்துக்குள் சேவ் செய்து, பட்டியலுக்குத் திரும்பி, அதன் பிறகு அணைப்பதே உத்தமம்.

அசல் கார்ட்ரிட்ஜை வைத்திருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பாட்டரி பற்றவைப்பால் பலகையோடு ஒட்டியிருக்கிறது. மூடியை இறுக்கியிருக்கும் 3.8 மில்லிமீட்டர் திருகாணிக்குச் சாதாரணத் திருப்புளி பொருந்தாது, அதற்கென்று தனித் திருப்புளி விற்கிறது. புதுப் பாட்டரியை, தகட்டுக் கால்கள் ஒட்டியதாகவே வாங்குங்கள். பாட்டரியின்மேல் நேராகச் சூட்டுக்கோலை வைத்தால் அது வெடிக்கக்கூடும். கழற்றிய பாட்டரி குழந்தைகளின் வாய்க்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பழைய பாட்டரியைக் கழற்றினால், அதை நம்பி மூச்சுவிட்டுக்கொண்டிருந்த நினைவகம் உடனே மறந்துவிடும். ஆகவே கார்ட்ரிட்ஜைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சிறு கருவி ஒன்றைக் கொண்டு உள்ளே இருப்பதை முதலில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு திருப்புளியைத் தொடுங்கள். 32 கிலோபைட்டைப் பிரதி எடுக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது.